தேய்ந்த ஷக்கிள், புஷ், ஹங்கர்: பழைய ஜீப்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பழைய லான்ட் றோவரும் மிற்சுபிசி ஜீப்பும் ஹைலக்ஸும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது; தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் எல்லோரும் இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். கராஜ் வாசலிலும் தொலைபேசியிலும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். பெரும்பாலும் தகட்டு ஸ்பிரிங் வண்டிகளைப் பற்றியது. கொயில் ஸ்பிரிங்காரருக்கும் கீழே ஒரு கேள்வி இருக்கிறது.

"அண்ணை, குழியில விழேக்க பின்னால 'டக்' எண்டு கேக்குது. சொக் அப்சோபர் போயிட்டுதோ?"

போயிருக்கலாம். ஆனால் பழைய ஜீப்பில் முதலில் நான் சந்தேகப்படுவது ஸ்பிரிங் பிடித்திருக்கிற இடங்களைத்தான். சொக்கின் றப்பர் தேய்ந்தால் சின்ன மேடுபள்ளத்திலும் கடகடவென்று தொடர்ந்து கேட்கும். ஸ்பிரிங்கின் பிடி தளர்ந்தால் சத்தம் கனமாக, ஒருதரம் மட்டும் வரும்: கிளச்சை விட்டு வண்டி நகரும்போது ஒன்று, பிரேக் பிடிக்கும்போது ஒன்று, ரிவர்ஸ் எடுக்கும்போது இன்னொன்று.

வெட்டையான இடத்தில் வண்டியை முன்னுக்கும் பின்னுக்கும் மெதுவாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் பிரேக் போடுங்கள். இன்னொருவர் பக்கத்தில் நின்று எந்தச் சில்லடியில் சத்தம் வருகிறது என்று கேட்கட்டும். பிரொபெல்லர் ஷாஃப்டின் குறோஸ் (அதன் மூட்டு) தேய்ந்தாலும் புறப்படும்போது இப்படியே தட்டும். ஆகவே ஷாஃப்டையும் கையால் திருப்பிப் பார்த்துவிட்டே ஸ்பிரிங்கைக் குற்றம் சொல்லுங்கள்.

"ஷக்கிள் எண்டுறியள், ஹங்கர் எண்டுறியள். எது எது?"

தகட்டு ஸ்பிரிங்கின் இரண்டு முனையிலும் ஒரு வளையம் இருக்கும். அதைக் கண் என்போம். ஒரு கண், செசியில் ஒட்டியிருக்கிற ஹங்கரோடு நேராகப் போல்ற்றில் பிடிபட்டிருக்கும். அக்சிலை முன்னும் பின்னும் ஓடவிடாமல் வைத்திருப்பது இந்த முனைதான். மற்றக் கண் இரண்டு தகடுகளில் தொங்கும். அதுதான் ஷக்கிள். பாரம் ஏறி ஸ்பிரிங் தட்டையாகும்போது அதன் நீளம் கூடும். அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கவே ஷக்கிள் ஆடுகிறது.

கண்ணுக்கும் போல்ற்றுக்கும் நடுவில் இருக்கிற றப்பர் உருளைதான் புஷ். ஸ்பிரிங்கை அக்சிலோடு இறுக்குவது யூ போல்ற்றுகள். தகடுகளை நடுவில் கோர்த்து, அக்சில் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று நிச்சயிப்பது சென்ரர் போல்ற்.

"வீட்டிலயே செக் பண்ணலாமோ, கராஜுக்குக் கொண்டு போகவேணுமோ?"

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு ஜக்கும் ஒரு அலவாங்கும் போதும். மற்றச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். செசியை ஜக்கில் தூக்கி, சில்லைத் தொங்கவிடுங்கள். பிறகு செசிக்குக் கீழே ஸ்டாண்ட் வையுங்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் அகலமான பனங்குற்றி வைக்கலாம். சீமெந்துக் கல்லை மட்டும் வேண்டாம். அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். மணல் முற்றமாக இருந்தால் ஜக்குக்குக் கீழே ஒரு தடித்த பலகையும் வேண்டும்.

இப்போது அலவாங்கின் நுனியைக் கண்ணுக்கும் ஹங்கருக்கும் இடையில் விட்டு நெம்புங்கள். றப்பர் கொஞ்சம் மசிந்து திரும்பி வந்தால் பரவாயில்லை. இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம் கேட்டாலோ, போல்ற் ஓட்டைக்குள் தனியாக அசைவது தெரிந்தாலோ வேலை இருக்கிறது. கண்ணாலும் பாருங்கள். போல்ற் தலையைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் மாத் தூள் படிந்திருந்தால் அந்த இடம் உரசுகிறது. ஷக்கிள் தகட்டின் உட்பக்கம் பளபளத்தால் ஸ்பிரிங் பக்கவாட்டில் நகர்கிறது. போல்ற் கண்ணின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால் றப்பர் முடிந்துவிட்டது.

"கொழும்பில ஓடுற என்ர மச்சான் வருசக் கணக்கா மாத்தேல்லையாம். எனக்கு மட்டும் ஏன் கெதியாப் போகுது?"

கடல்தான் காரணம். பண்ணையால் தீவுப் பக்கம் போனாலும், பொன்னாலையால் காரைநகர் போனாலும், இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர். கச்சான் காற்றடிக்கும்போது அந்த ஈரம் செசிக்குள் போய் இருந்துவிடும். வடமராட்சி கிழக்கில் தாளையடி, செம்பியன்பற்றுப் பக்கம் ஓடுகிறவர்களுக்கு உப்போடு மணலும் சேரும். மணல் ஷக்கிளுக்குள் புகுந்து அரத்தூள் மாதிரி அராவும். நெடுந்தீவில் நிரந்தரமாக நிற்கிற வண்டிகளின் ஹங்கர்களைப் பார்த்தால் மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

கடற்கரைக்குப் போய் வந்தால் அன்றைக்கே செசியின் அடியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீரே உவர். அதை அடித்தால் உப்பை உப்பால் கழுவின கதைதான்.

"கழிவு ஒயிலை அடியில அடிச்சு விட்டா துருப் பிடிக்காதெண்டு சேவிஸ் ஸ்டேசனில சொல்லுறாங்கள்..."

செசித் தகட்டுக்கு அது ஓரளவு உதவும். புஷ்ஷுக்கு அது நஞ்சு. இயற்கை றப்பர் பெற்றோலிய எண்ணெயை உறிஞ்சி ஊதும், பிறகு மெத்தென்று ஆகிக் கிழியும். டீசலால் அடியைக் கழுவுவதும் இதே விளைவைத்தான் தரும். எண்ணெய் பூசத்தான் வேண்டுமென்றால் கண்களையும் ஷக்கிளையும் பொலித்தீனால் சுற்றிவிட்டுப் பூசச் சொல்லுங்கள். மணலில் ஓடுகிற வண்டிக்கு நான் அதையும் சொல்லமாட்டேன். எண்ணெயில் ஒட்டின மணல் கழுவினாலும் போகாது.

"தடைக் காலத்தில அப்பா ரயரை வெட்டித்தான் புஷ் போட்டவர். இப்பவும் அப்பிடிச் செய்யலாமோ?"

1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது உதிரிப்பாகமும் வரவில்லை, பெற்றோலும் வரவில்லை. மண்ணெண்ணெயில் கார் ஓட்டின ஊர் இது. அந்த நேரத்தில் ரயர்த் துண்டு வண்டியை வீடு கொண்டுவந்து சேர்த்தது. அந்தக் கைவேலையில் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இன்றைக்கு அது தேவையில்லை. ரயர் றப்பருக்குள் நூலோ கம்பியோ இருக்கும். வெட்டின பக்கம் சீராக இருக்காது. உள்ளே இரும்புக் குழாய் கிடையாது. அதனால் போல்ற்றை இறுக்கினாலும் உண்மையில் எதுவும் இறுகாது, போல்ற் ஹங்கர் ஓட்டையில் ஆடிக்கொண்டே இருக்கும். புஷ்ஷின் விலையை மிச்சம் பிடித்து ஹங்கரைத் தின்னக் கொடுக்கிற வேலை அது. ஊர்க் கடையில் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். பழைய புஷ்ஷின் உள்விட்டம், வெளிவிட்டம், நீளம் மூன்றையும் வேணியர் கலிப்பரால் அளந்து அனுப்புங்கள். வண்டியின் பெயரை மட்டும் சொன்னால் வேறு வருடத்துச் சாமான்தான் வந்து சேரும்.

"றப்பரோ, போலி யூறிதேனோ, எது நல்லம்?"

குடும்ப ஓட்டத்துக்கும் ஊர் ஓட்டத்துக்கும் றப்பர். அதிர்வை அது குடிக்கும், கிறீஸ் கேட்காது, கத்தாது. போலி யூறிதேன் எண்ணெய்க்கு அஞ்சாது, பாரம் கூட ஏற்றுகிறவர்களுக்கு உறுதியாக இருக்கும். ஆனால் அது கண்ணுக்குள் வழுக்கிச் சுழல வேண்டியது. பூட்டும்போது சிலிக்கன் கிறீஸ் போடாவிட்டால் கிறீச்சிடும். மணல் புகுந்தால் அடிக்கடி கழற்றிக் கழுவவும் வேண்டும். மணற்காட்டு மணலில் விளையாடுகிறவர்களுக்கு றப்பரையே சொல்வேன்.

"லேத்தில பித்தளை புஷ் கடைஞ்சு போட்டா ஆயுளுக்கும் நிக்குமெண்டுறார் மெக்கானிக். உண்மையோ?"

புஷ் நிற்கும், மற்றதெல்லாம் போகும். லொறிகளில் உலோகப் புஷ் உண்டு. அங்கே புஷ்ஷுக்குள் போகிற அச்சாணியில் கிறீஸ் போக வழி வெட்டியிருக்கும், நிப்பிள் இருக்கும், கண்ணும் தடிப்பாக இருக்கும். ஜீப்பில் ஒரு சில்லு மேட்டிலும் மற்றது பள்ளத்திலும் நிற்கும்போது ஸ்பிரிங் முறுகும். அந்த முறுக்கை றப்பர்தான் வாங்கிக்கொள்கிறது. அந்த இடத்தில் உலோகத்தை வைத்தால் முறுக்கு நேரே ஹங்கருக்குப் போய், ஹங்கரின் ஒட்டில் வெடிப்பு விழும்.

"தம்பி, போல்ற் அசையுதே இல்லை. அடிச்சும் பாத்தாச்சு, ஒயில் விட்டும் பாத்தாச்சு. இனி என்ன செய்ய?"

ஐயா, அடிப்பதை முதலில் நிற்பாட்டுங்கள். போல்ற் புஷ்ஷின் உள் இரும்புக் குழாயோடு துருவால் ஒட்டிப்போயிருக்கும். லான்ட் றோவரில் இது சர்வ சாதாரணம். நீங்கள் சுத்தியலால் அடிக்க அடிக்கப் பின்னாலிருக்கிற றப்பர் அதைக் குடிக்குமே தவிர துரு விடாது. போல்ற் தலை விரிவதுதான் மிச்சம். லான்ட் றோவர் சீரிஸ் வண்டிகளில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஷக்கிள் தகடுகளில் ஒன்றிலேயே புரி வெட்டியிருக்கும். நட் வெறும் பூட்டு நட்தான். நட்டைக் கழற்றிவிட்டுப் போல்ற்றைத் தட்டி எடுக்கப் பார்த்தால் புரி நாசமாகும். அதைச் சுற்றித்தான் கழற்ற வேண்டும்.

ஊடுருவும் எண்ணெயை முதல் நாளே விட்டு ஊறவையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மெல்லிய வெட்டுத் தட்டை கிரைண்டரில் போட்டு, ஹங்கரின் உட்பக்கத்துக்கும் புஷ்ஷுக்கும் இடையில் இரண்டு பக்கமும் போல்ற்றை வெட்டுங்கள். போல்ற் போனால் போகட்டும், எப்படியும் புதுசு போடத்தான் போகிறீர்கள். ஹங்கரில் வெட்டு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காஸ் அடித்துச் சூடாக்குவது கடைசி வழி. றப்பர் எரிந்து கெட்ட புகை வரும், பக்கத்தில் பிரேக் குழாயோ எரிபொருள் தாங்கியோ இருக்கும். தண்ணீர் வாளி இல்லாமல் தொடவேண்டாம்.

கண்ணுக்குள் ஒட்டியிருக்கிற புஷ்ஷின் வெளிக்குழாயை எடுக்க, றப்பரைத் துளைத்து எடுத்தபின் வாள் அலகை உள்ளே விட்டு நீளத்துக்கு ஒரு கீறு வெட்டுங்கள். குழாய் சுருங்கி வந்துவிடும். கண்ணின் உட்பக்கத்தைக் கீறினால் பிறகு அந்தக் கீறலிலிருந்தே தகடு முறியும். இங்கே அவசரப்படக் கூடாது.

"புதுப் புஷ் போட்டு மூண்டு மாசத்தில கிழிஞ்சு போச்சு. டூப்ளிக்கேற் சாமானோ?"

இந்தக் கேள்விதான் அதிகம் வரும். பழி எப்போதும் சாமானுக்குப் போகும். இரண்டு காரணங்களைப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போங்கள்.

ஒன்று, எப்போது இறுக்கினீர்கள்? உள்ளும் புறமும் இரும்புக் குழாயோடு ஒட்டின புஷ் சுழலாது. றப்பரே முறுகி முறுகித் திரும்பும். சில்லு தொங்கும்போது போல்ற்றை இறுக்கினால் புஷ் அந்த நிலையில் பூட்டுப்படும். வண்டியைக் கீழே இறக்கியதும் றப்பர் நின்ற நிலையிலேயே முறுகியிருக்கும். அதற்குமேல் ஒவ்வொரு பள்ளமும் இன்னும் முறுக்கும். ஆகவே போல்ற்றுகளைக் கையளவுக்குப் பூட்டி, வண்டியை நிலத்தில் இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, நாலு தரம் அமுக்கிவிட்டு அப்புறம் கடைசி இறுக்கு இறுக்குங்கள். உள்ளே தள்ளும்போது சவர்க்காரத் தண்ணீர் போதும், எஞ்சின் ஒயில் வேண்டாம்.

இரண்டாவது, ஓட்டையைப் பார்த்தீர்களா? பழைய புஷ் செத்த பிறகும் வண்டி ஓடியிருந்தால் போல்ற் ஹங்கர் ஓட்டையை நீள்வட்டமாக்கியிருக்கும். அதற்குள் எத்தனை புதுப் புஷ் போட்டாலும் ஒன்றுதான். புஷ்ஷை மட்டும் மாற்றுகிற கராஜ்கள் நிறைய. ஓட்டையை அளந்து பார்க்கிறவரிடம் போங்கள்.

"சரி, ஓட்டை முட்டை மாதிரித்தான் இருக்கு. வெல்ட் அடிச்சு நிரப்பித் துளைக்கலாமோ?"

செய்கிறார்கள். ஆனால் நிரப்பின இடத்தில் துளைப்பான் வழுகி ஓட்டை விலகிப்போவது வழக்கம். அரை மில்லிமீற்றர் விலகினாலும் போல்ற் சரிவாக நிற்கும். இதைவிடச் சுத்தமான வழி, போல்ற்றுக்கு அளவெடுத்த ஓட்டையோடு 6 மில்லிமீற்றர் தடிப்பில் வட்டத் தகடுகளை லேத்தில் எடுத்து ஹங்கரின் வெளிப்பக்கங்களில் ஒட்டுவது. ஒட்டும்போது புஷ்ஷைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கத்துக்கும் ஊடாக நேரான ஒரு பழைய போல்ற்றைப் போட்டுத் தகடுகளை அதில் கோர்த்து ஒட்டினால் இரண்டு ஓட்டையும் ஒரே கோட்டில் வரும். தடிப்புக் கூடுவதால் போல்ற் நீளத்தையும் கூட்டி வாங்குங்கள். புரி ஓட்டைக்குள் வரக்கூடாது, வழுவழுப்பான தண்டுதான் ஓட்டையில் இருக்க வேண்டும்.

லான்ட் றோவர் சீரிஸில் ஷக்கிளின் மேல் புஷ் செசிக்குள் இருக்கிற குழாயில் உட்காரும். அந்தக் குழாயே துருவால் போயிருந்தால் வெட்டி எடுத்துப் புதுக் குழாய் வைக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் முன் அக்சிலுக்கும் பின் அக்சிலுக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதிவையுங்கள். பிறகு நினைவிலிருந்து எடுக்க முடியாது.

வெல்ட் அடிக்க முன் பற்றரியைக் கழற்றுங்கள், எர்த் கிளிப்பை ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். நாகம் பூசின இரும்பானால் பூச்சை அராவி எடுங்கள், அதன் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

"கடையில துருப்பிடிக்காத ஸ்ரெயின்லெஸ் போல்ற் இருக்கு. எங்கட உப்புக்கு அது நல்லம்தானே?"

துருவுக்கு நல்லது, பலத்துக்கு இல்லை. சாதாரண ஸ்ரெயின்லெஸ் போல்ற் தலையில் A2-70 என்ற அடையாளம் இருக்கும். அது 700 மெகாபாஸ்கலில் அறும், 450 இலேயே நீளத் தொடங்கும். 8.8 என்று குத்தியிருக்கிற இரும்புப் போல்ற் 800 வரை தாங்கும், 640 வரை நீளாது. 10.9 என்றால் 1000, 900. வண்டிக்கு எது வந்ததோ அதையே போடுங்கள். தலையில் எதுவும் குத்தாத போல்ற்றைக் கேற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

துருவுக்கு வழி: பூட்டும்போது போல்ற் ஒட்டிப்பிடிக்காமலிருக்க அதன் தண்டில் செப்புக் கிறீஸை மெல்லிசாகப் பூசுங்கள், றப்பரில் படாமல். நைலோன் வளையம் வைத்த நட்டைக் கழற்றினால் மறுபடி போடவேண்டாம்.

"நேரா ஓடேக்க ஜீப் நண்டு மாதிரிச் சரிஞ்சு போகுது. செசி வளைஞ்சிட்டுதோ?"

செசியைத் தொடமுன் யூ போல்ற்றுகளைப் பாருங்கள். அவை தளர்ந்தால் பாரமெல்லாம் சென்ரர் போல்ற்றுக்குப் போய் அது அறும், அக்சில் ஸ்பிரிங்கில் நழுவிப் பின்வாங்கும். வெல்ட் பற்றின பதிலில் சொன்ன மாதிரி இரண்டு பக்கமும் அக்சில்களுக்கு இடையிலான தூரத்தை அளந்தால் தெரிந்துவிடும்.

கழற்றின யூ போல்ற்றை மறுபடி போடுவதில்லை. ஒருதரம் இறுகி நீண்ட புரி மறுபடி அதே பிடியைத் தராது. இரும்புக் கம்பியைச் சூடாக்கி வளைத்துத் தருகிற இடங்களில் எந்த இரும்பு என்று கேளுங்கள். மெதுமையான கம்பி இறுக இறுக நீண்டுகொண்டே போகும். நாலு நட்டையும் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக, வண்டியின் கைநூலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். சில நூறு கிலோமீற்றர் ஓடினபின் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். எல்லோரும் மறப்பது இதைத்தான்.

"மெயின் பிளேற் முறிஞ்சிட்டுது, ஒட்டித் தாறன் எண்டுறார் ஒருத்தர்."

விடாதீர்கள். ஸ்பிரிங் உருக்குப் பதம் பார்த்து எடுத்தது. ஒட்டின சூட்டில் பதம் போய், ஒட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி போல முறியும். தகட்டை மாற்றுங்கள். ஹங்கரில் வெடிப்பு என்றால் அது வேறு கதை. வெடிப்பின் நுனியில் சின்ன ஓட்டை துளைத்து, வெடிப்பை அராவிப் பள்ளமாக்கி ஒட்டலாம். மேலே பலப்படுத்தத் தகடு வைத்தால் அதன் முனைகளைக் கூராக்குங்கள். செசிக்குக் குறுக்கே நேர்கோட்டில் ஒட்டு விழுந்தால் அடுத்த வெடிப்பு அந்தக் கோட்டிலேயே வரும்.

"நீளமான ஷக்கிள் போட்டு ஜீப்பை உயத்தலாமோ?"

2 அங்குலம் நீளமாகப் போட்டால் 1 அங்குலம்தான் உயரும். முன்பக்கத்தில் ஷக்கிள் ஸ்பிரிங்கின் முன் முனையில் இருக்கிற வண்டிகளில் இது காஸ்ரர் கோணத்தை, அதாவது முன் சில்லு திரும்புகிற அச்சின் பின்சாய்வை, குறைக்கும். திருப்பத்தில் ஸ்ரியறிங் தானாக நேருக்கு வராது, ஏ9 வீதியில் வேகமாகப் போனால் அலையும். பக்க ஆட்டமும் கூடும், புஷ்ஷும் கெதியாகப் போகும். எனக்கு இதில் விருப்பமில்லை.

"என்ரை டிஃபெண்டர், கொயில் ஸ்பிரிங். எனக்கு இதெல்லாம் இல்லைத்தானே?"

ஷக்கிள் இல்லை, புஷ் நிறைய. 1983 இல் வந்த வன் ரென் (One Ten) மொடல் முதல் லான்ட் றோவர் கொயிலுக்கு மாறியது. பிரேக் பிடிக்க முன்னால் தட்டினால், முன் அக்சிலை முன்னும் பின்னும் ஓடவிடாமல் பிடிக்கிற றேடியஸ் ஆமின் புஷ். ஸ்ரியறிங்கை இடம் வலம் ஆட்டும்போது தட்டினால், அதைப் பக்கவாட்டில் நகரவிடாமல் பிடிக்கிற பன்ஹார்ட் றொட்டின் புஷ். அக்சிலறேற்றரை மிதித்து விடும்போது பின்னால் குத்தினால் ஏ வடிவச் சட்டத்தின் நடுவிலுள்ள போல் ஜொயின்ற். ஓட்டையை அளப்பதும், நிலத்தில் இறக்கி இறுக்குவதும் மேலே சொன்னபடியேதான்.

"சுண்டிக்குளம் பக்கம் போய் நடு மணலில சென்ரர் போல்ற் அறுந்தா?"

யூ போல்ற்றுகள் இன்னும் பிடித்திருந்தால் அவற்றை முடிந்தமட்டும் இறுக்குங்கள். அக்சிலிலிருந்து முன் ஹங்கருக்குச் சங்கிலியோ பாரம் கட்டும் பட்டியோ போட்டு, பின்வாங்காமல் இழுத்துக் கட்டுங்கள். பாரத்தை இறக்குங்கள். பிரேக்கை மெதுவாகத் தொட்டு, கியரில் இறங்கி வாருங்கள். கண் பக்கத்தில் மெயின் பிளேற்றே முறிந்திருந்தால் ஓட்ட வேண்டாம். அக்சில் பின்னுக்குப் போனால் பிரேக் ஹோஸ் அறும். அப்படிப் போகிறவர்கள் ஒரு சென்ரர் போல்ற், இரண்டு யூ போல்ற், நட்டுகள், ஒரு தடித்த பலகைத் துண்டு, சங்கிலி ஆகியவற்றைச் சீற்றுக்குக் கீழே போட்டுவையுங்கள். நட்டுக்கு அளவான ஸ்பனரையும் சேர்த்து வையுங்கள்.